சின்ன துரை தமிழ் படித்த விதம்

மலையகத்தில் பிறமொழி கற்பித்தலின் கதையை எழுதப் புகுந்தால், அதன் முதல் மாணவராகத் துரையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஸ்கொட்லாந்திலோ இங்கிலாந்திலோ படிப்பை முடித்துக் கப்பலேறிய இளைஞன் தேயிலைத் தோட்டத்தில் சின்ன துரையாக வந்திறங்கியதும் அவனுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது தமிழ். அதற்கென்றே நூல்கள் அச்சாயின. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் ஏ. எம். பெர்குசன் வெளியிட்ட சட்டைப்பைக் கையேட்டின் பெயரே ‘இங்கே வா’. 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் ‘கூலித் தமிழ்’ என்று இன்னொரு நூல் எழுதினார். தலைப்புகளிலேயே அந்தக் காலத்தின் திமிர் தெரிகிறது. கொழுந்து, கவ்வாத்து, கூடை, மலை என்று வேலைத்தலச் சொற்கள். வா, போ, எடு, வெட்டு என்று ஏவல்கள். துரைமார் படித்த தமிழுக்கு இவ்வளவு போதுமாக இருந்தது. மரியாதை விகுதிக்கு அங்கே வேலை இல்லை.

ஆனாலும் துரை தமிழ் பேசினான். கொச்சையாகவும் அதட்டலாகவும், ஆனால் காரியம் நடக்கும்படி பேசினான். விடிகாலைப் பெரட்டில் நின்று ஆட்களை எண்ண வேண்டும். எந்த மலைக்கு எத்தனை பேர் என்று பிரித்து அனுப்ப வேண்டும். கங்காணி சொல்லும் சாக்குகளைக் கேட்டுத் தலையாட்டவோ மறுக்கவோ வேண்டும். இரவு விளக்கடியில் படித்த சொல்லை மறுநாள் விடியலில் வாயில் போட்டுப் பார்க்கலாம். பிழையாகச் சொன்னால் ஆட்கள் வேறு மலைக்குப் போய்விடுவார்கள். பிழை உடனே தெரிந்துவிடும். தினமும் சிறிது நேரம், படித்தது அன்றைக்கே பயன்படும் நிலை, பிழைத்தால் அந்த இடத்திலேயே திருத்தம். இன்றைக்கு மொழியாசிரியர் பயிற்சிப் பட்டறைகளில் நாள் முழுக்க விளக்கப்படும் இந்த மூன்றும் சின்ன துரைக்கு யாரும் விளக்காமலே கிடைத்தன.

பெரட்டில் அவனுக்கு எதிரே நின்றவர்களின் பிள்ளைகளுக்கு அவை கிடைக்கவில்லை.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்துத் தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. பெரும்பாலும் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர். ஆங்கிலம் வேண்டுமென்றால் தோட்டத்தை விட்டு நகரத்துப் பாடசாலைக்குப் போக வேண்டும். அதற்குப் பெரிய கங்காணி வீட்டுப் பிள்ளையாகப் பிறந்திருக்க வேண்டும். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அப்படி ஆங்கிலம் படித்து, ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தமிழில் அறியப்படும் நெடுங்கவிதையை ஆங்கிலத்திலேயே எழுதினார். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்கும் போனார். விதிவிலக்குகளை வைத்துப் பெருமைப்படுவது நம் வழக்கம். அவர் ஒருவர் எழுதிய காலத்தில் தொழிலாளரின் வரிசை வீடுகளான எத்தனை லயங்களில் ஒருவருக்கும் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாதிருந்தது என்பதையும் அந்தப் பெருமையோடு சேர்த்துக் கணக்கெடுக்கலாம். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பலன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. தோட்டங்கள் அரசுடைமையான பிறகு, 1977 முதல்தான் அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின.

இந்தப் பின்னணியோடு ராகலைக்கு வரலாம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக 1904இல் ஏறிவந்த சிறு ரயில் பாதைக்கு இதுதான் கடைசி நிலையம். 1940களோடு அந்த ரயில் நின்றுபோனது. ஊரைச் சுற்றிலும் தேயிலை, தேயிலை விட்ட இடங்களில் லீக்ஸும் கோவாவும் கிழங்கும். நுவரெலியா மாவட்ட மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர் என்று 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு சொல்கிறது. ராகலை அடங்கும் வலப்பனைப் பிரிவு 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டுவிட்டது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்பவர் ஐந்தாண்டுக்குள் மற்றத் தேசிய மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் பஸாருக்கு இறங்கும் அம்மா கையில் கிடைக்கும் படிவம் சிங்களத்திலும், மருந்துச் சீட்டு ஆங்கிலத்திலும் இருப்பது இன்றும் புதுமையான செய்தி ஆகாது.

ஆகவே ராகலைப் பக்கத்துப் பிள்ளைக்கு மூன்று மொழி. உற்றுப் பார்த்தால் ஐந்து. லயத்தில் பேசும் தமிழ் ஒன்று, பாடநூல் தமிழ் இன்னொன்று. சிங்களத்திலும் அப்படியே. பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறாது, எழுத்துச் சிங்களத்தில் மாறும். ஐந்தாவது ஆங்கிலம். பாடசாலை இவற்றில் எழுத்து வடிவங்களை மட்டும் கையிலெடுக்கிறது. சாதாரண தரத்துக்கு முன்னரோ பின்னரோ படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும் பையன் சில மாதங்களில் சரளமாகச் சிங்களம் பேசிக்கொண்டு தீபாவளிக்கு ஊர் திரும்புகிறான். அவனையே 6ஆம் தரத்திலிருந்து 9ஆம் தரம் வரை இரண்டாம் தேசிய மொழி வகுப்பில் உட்கார வைத்திருந்தார்கள். அங்கே அவன் நெடுங்கணக்கைத் தாண்டியிருக்க மாட்டான். இதைக் கேட்டு ஆசிரியர்கள் கோபப்படுவதுண்டு. கோபப்பட வேண்டியது ஆண்டின் அமைப்பைப் பார்த்து.

ஒரு சிறு கணக்கு. பாடசாலை ஆண்டு ஏறக்குறைய 200 நாள். பாடவேளை 40 நிமிடம் என்று வைப்போம். தினம் ஒரு பாடவேளை ஆங்கிலம் நடந்தால் ஆண்டுக்கு 8,000 நிமிடம், அதாவது 133 மணித்தியாலம். 3ஆம் தரத்திலிருந்து 11ஆம் தரம் வரை ஒன்பது ஆண்டு. தொடக்க வகுப்புகளில் குறைவாகக் கிடைக்கிறது என்று கழித்துப் பார்த்தாலும் மொத்தம் ஆயிரம் மணித்தியாலத்தை நெருங்கும். சொந்தக் காரியங்களைத் தானே பேசிச் சமாளிக்கும் நடுத்தர நிலைக்கு 350 முதல் 400 வழிகாட்டப்பட்ட மணித்தியாலம் போதும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனத்தின் அண்ணளவான மதிப்பீடு. அப்படியானால் நேரப் பற்றாக்குறை என்ற வழமையான முறைப்பாடு பாதி மட்டுமே உண்மை. நேரம் இருக்கிறது, ஒழுகிப் போகிறது.

எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க நாட்காட்டியைப் புரட்டினால் போதும். ஜனவரியில் புதிய புத்தகம், புதிய சீருடை, ஆசிரியரின் கையில் புதிய பாடத்திட்டக் கொப்பி. பொங்கல் கழிந்ததும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி. பின்னேரம் மட்டும் என்று தொடங்கி காலை நேரத்தையும் அது விழுங்கும். மாசியில் காமன் கூத்து. தோட்டத்தில் காமன் நட்டால் இரவெல்லாம் தப்புச் சத்தம் கேட்கும்; மறுநாள் முதலாம் பாடவேளையில் அரைவாசிப் பிள்ளைகளின் கண் சொக்கும். பங்குனியில் முதலாம் தவணைப் பரீட்சை. சித்திரை விடுமுறை. திரும்பி வரும்போது ஜனவரியில் படித்ததில் மிச்சம் என்ன? 1885இலேயே ஜெர்மானிய உளவியலாளர் எபிங்கவுஸ் தன்னையே சோதித்து எழுதிவைத்தார்: மறதி முதல் நாளில்தான் வேகமாகத் தின்னும், பிறகு மெதுவாகும். அவர் மனப்பாடம் செய்து மறந்தது பொருளற்ற அசைகளை. நம் 6ஆம் தரத்துப் பிள்ளைக்குச் சிங்கள எழுத்து வரிசையும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறது.

இரண்டாம் தவணைதான் உண்மையான மேடு. தமிழ்த் தினம், ஆங்கிலத் தினம் என்று போட்டிகள் வரும். போட்டியால் வகுப்பில் உற்சாகம் பிறக்கும் என்பது ஏட்டில் எழுதிய நியாயம். நடைமுறையில் ஐந்து பிள்ளைகள் பேச்சை மனனம் செய்வார்கள், ஆசிரியர் அந்த ஐவரோடு வலயத்துக்கும் மாகாணத்துக்கும் அலைவார், மிச்ச முப்பது பேர் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள். வலய மட்டத்தில் கிடைத்த சான்றிதழ் அதிபரின் அறையில் தொங்கும். இது யாரையும் தாழ்த்துவதற்காகச் சொல்வதல்ல. கிடைத்த தெம்பை எங்கே செலவழிக்கிறோம் என்ற கணக்கு. மூன்றாம் தவணை பொதுப் பரீட்சைகளுக்குச் சொந்தம். கிழக்குச் சரிவில் இருக்கும் இந்தப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவமழை வரும் காலமும் அதுதான். மண்சரிவு எச்சரிக்கை, பிந்தும் பஸ், காயாத சப்பாத்து. கார்த்திகையில் இரண்டாம் மொழிப் பாடவேளை மற்றப் பாடங்களின் மீள்பார்வைக்குக் கடனாகப் போய்விடும். திரும்பி வராத கடன்.

இந்த இயல்பான ஏற்ற இறக்கத்தின் மேல் அசாதாரண ஆண்டுகளும் வந்தன. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூட்டிய வகுப்பறைகள் 2021 இறுதிவரை சரியாகத் திறக்கவில்லை. சிக்னல் தேடி மேட்டு லயத்துக்கு ஏறிய பிள்ளைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 2021 ஜூலையிலிருந்து சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழி வகுப்பையும் நிறுத்தினார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் மீண்டும் பாடசாலை மூடல். அந்த ஆண்டுகளில் 3ஆம் தரத்தில் ஆங்கிலம் தொடங்க வேண்டியிருந்த பிள்ளைகள் இப்போது இடைநிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் 8ஆம் தரத்துப் பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் ஆசிரியரின் களைப்பு சோம்பலால் வந்ததென்று சொல்ல முடியாது.

ஆசிரியரின் களைப்பையும் ஆராய்ந்தவர்கள் உண்டு. கலிபோர்னியாவில் புதிய ஆசிரியர்களுக்குத் துணைநிற்கும் திட்டமொன்றை நடத்திய எலன் மோயர் 1990இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். புதிய ஆசிரியர் முதலில் எதிர்பார்ப்போடு நுழைகிறார், பிறகு நாளைக் கடத்தினால் போதும் என்று ஆகிறார், மூன்று நான்கு மாதத்தில் நம்பிக்கை தரையைத் தொடுகிறது, விடுமுறைக்குப் பின் மெல்ல எழும்புகிறது, ஆண்டிறுதியில் திரும்பிப் பார்க்கிறார். அமெரிக்காவில் ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்குவதால் அந்தத் தரைதட்டும் காலம் நவம்பர். ஜனவரியில் தொடங்கும் நம் நாட்காட்டியில் அதைப் பொருத்தினால் சித்திரைக்குச் சற்று முன்னும் பின்னும் வரும். இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டும் மோயரின் வரைபடத்தைப் பார்த்தவர்கள் பலருக்கு ஒரு நிம்மதி: இது தனக்கு மட்டும் வந்த தோல்வி இல்லை என்பது தெரிகிறது. ஆனால் கலிபோர்னியாவின் வளைகோட்டில் இல்லாத சில மேடுபள்ளங்கள் மலையகத்தில் உண்டு. 2014, 2015ஆம் ஆண்டுகளை ஒட்டித் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆயிரக்கணக்கில் உதவி ஆசிரியர்கள் சேர்க்கப்பட்டபோது அவர்களுக்குத் தொடக்கத்தில் கொடுத்தது மாதம் 6,000 ரூபா. பஸ் காசைக் கழித்துவிட்டு மிச்சத்தில் உற்சாகம் வாங்க முடியாது. அவர்களில் பலர் லயத்திலேயே வளர்ந்து உயர்தரம் படித்தவர்கள். பிள்ளையின் மொழி தெரிந்தவர்கள். கொட்டகலை பத்தனையில் ஜெர்மன் உதவியோடு உருவான ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும், சுவீடனின் சீடா நிறுவன உதவியோடு 1986இல் தொடங்கிய பெருந்தோட்டப் பாடசாலை அபிவிருத்தித் திட்டமும் செய்த பெரிய நன்மையே உள்ளூரிலிருந்து ஆசிரியர்களை எடுத்ததுதான். இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டே பாடம் நடத்துகிறவருக்கும், பிள்ளையின் தாயைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவருக்கும் கார்த்திகை மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

சம்பளத்தை வகுப்பறை தீர்மானிக்க முடியாது. வகுப்பறையின் கையில் இருப்பது ஒன்றுதான்: எதை எப்போது கற்பிப்பது. இங்கே மைக்கல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயரின் பெயர் வரவேண்டும். 1912இல் வங்காளத்துக்குக் கல்விச் சேவையில் வந்து, டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். 1926இல் இருமொழிக் கல்வி பற்றி அவர் வெளியிட்ட நூலில் காப்புறுதித் துறையிலிருந்து ஓர் எண்ணத்தைக் கடன் வாங்கினார். ஆயுள் காப்புறுதியை இடையில் நிறுத்தினாலும் கட்டிய பணத்தில் ஒரு பங்கு கைக்கு வருமல்லவா? பள்ளிப் படிப்பும் அப்படி இருக்க வேண்டும் என்றார். வங்காளத்துப் பையன்களில் பெரும்பாலோர் படிப்பை முடிக்காமலே போய்விடுகிறார்கள். ஆங்கிலப் பாடமோ முழுவதும் முடித்தவனுக்கு மட்டுமே பயன் தரும்படி கட்டப்பட்டிருக்கிறது. பாதியில் போகிறவன் வெறுங்கையோடு போகிறான். எந்த ஆண்டில், எந்த மாதத்தில் நின்றாலும் அதுவரை படித்தது கையில் மிஞ்ச வேண்டும். வெஸ்ட் இதற்கு வாசிப்பையே வழியாகக் கண்டார். பின்னாளில் அவர் தொகுத்த ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியல் 1953இல் வெளிவந்து உலகெங்கும் எளிய வாசிப்பு நூல்களுக்கு அடித்தளமாயிற்று.

தோட்டத்துப் பாடசாலைக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் கிடைக்காது. இடைவிலகல் இங்கே யாருக்கும் புதிய சொல் இல்லை. 9ஆம் தரத்தில், வீட்டுக் கஷ்டத்தால், ஒரு திங்கட்கிழமை வராமல் போகும் பெண்பிள்ளையின் கையில் அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் என்ன சேர்ந்திருந்தது? ஆண்டு முழுக்கத் தெம்பு எப்படித் தாங்கும் என்ற கேள்விக்கும் விடை இதே இடத்தில் இருக்கிறது. பதினோராம் தரத்தில் வரப்போகும் சித்திக்காக 6ஆம் தரத்துப் பிள்ளை ஐந்தாண்டு காத்திருக்காது. ஆசிரியருக்கும் அவ்வளவு பொறுமை இராது. இந்த வாரம் படித்தது இந்த வாரமே எங்காவது பலித்தால் இருவரும் அடுத்த வாரத்துக்கு வருவார்கள்.

பலிக்கும்படி கற்பிக்க விலை கொடுத்து வாங்கும் கருவிகள் தேவையில்லை. இலங்கையின் ஒவ்வொரு ரூபாத் தாளும் மும்மொழியில் அச்சாகிறது. ஒரு நூறு ரூபாத் தாளை மேசையில் வைத்தால் அதில் ஒரே செய்தி மூன்று எழுத்தில் இருக்கிறது. சிங்கள எழுத்தை நெடுங்கணக்கின் வரிசையில் படிக்காமல் அர்த்தத்திலிருந்து பிடித்துக்கொள்ளலாம். பஸ் பலகை, வீதிப் பெயர்ப்பலகை, முத்திரை என்று மும்மொழிப் பாடநூல்கள் ஊர் முழுக்கக் கிடக்கின்றன. 8ஆம் தரத்துக்கு அம்மாவின் சம்பளத் துண்டு. அதில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதம், நிர்வாகத்திடமிருந்து 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் என்ற கணக்கை ஆங்கிலச் சுருக்கெழுத்துகளோடு வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வீட்டில் ஒரு மரியாதை வரும். மொழிப் பாடம் கணிதத்தையும் தொழிற்சட்டத்தையும் தொட்டுவிட்டதே என்று பாட ஆலோசகர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

சிங்களத்தைப் பொறுத்தவரை இன்னொரு சலுகை இருக்கிறது. பாடசாலைகள் அதை வீணடிக்கின்றன. தமிழைப் போலவே சிங்களத்திலும் வினை கடைசியில் வரும். கேள்வியாக்க வாக்கியத்தின் முடிவில் ஓர் அசையைச் சேர்த்தால் போதும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்துக்கு வேண்டிய தலைகீழ் மாற்றம் இங்கே தேவையில்லை. தமிழ்ப் பிள்ளை தமிழ்ச் சொல்லின் இடத்தில் சிங்களச் சொல்லைப் போட்டாலே பாதி வாக்கியம் சரியாக வரும். ஆகவே முதல் தவணை முழுக்க எழுத்தைத் தொடாமல் பேச்சுச் சிங்களத்தோடு போனால், சித்திரைக்குள் பஸ்ஸில் சில்லறை கேட்கும் அளவுக்கு வகுப்பு வந்துவிடும். எழுத்து அதன்பிறகு வரட்டும். பரீட்சை எழுத்தில்தானே கேட்கிறது என்பது நியாயமான மறுப்பு. ஆனால் வாயில் வந்த மொழிக்கு எழுத்தைக் கற்பிப்பது, வாயில் வராத மொழியின் எழுத்தைக் கற்பிப்பதை விடக் குறைந்த உழைப்பு.

ஆங்கிலத்தின் தொடக்கத்துக்கு ஏவலே நல்ல வாசல் என்பது துரைமாரின் கையேடுகளில் தற்செயலாக இருந்த உண்மை. 1960களில் கலிபோர்னியாவின் சான் ஹொசேயில் ஜேம்ஸ் ஆஷர் அதையே ஒரு கற்பித்தல் முறையாக்கினார். ஆசிரியர் கட்டளை சொல்வார், பிள்ளைகள் உடம்பால் செய்து காட்டுவார்கள். பேசு என்று யாரும் வற்புறுத்துவதில்லை. ராகலைக் குளிரில் காலை முதல் பாடவேளைக்கு எழுந்து நட, உட்கார், கதவைத் தட்டு என்பது உடம்புச் சூட்டுக்கும் உதவும். இரண்டாவது வாரத்திலிருந்து கட்டளை பிள்ளைகளின் கைக்கு மாற வேண்டும். ஆசிரியரை நாற்காலியில் ஏறச் சொல்லும் அதிகாரம் ஒரு பிள்ளைக்குக் கிடைத்தால் வகுப்பு தூங்காது.

தினம் கொஞ்சம் என்பதற்கு அசைக்க முடியாத சான்று பீஜித் தீவிலிருந்து வந்தது. 1980இல் வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் அங்குள்ள கிராமப் பாடசாலைகளில் 4ஆம், 5ஆம் வகுப்புகளுக்கு 250 படக்கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். தினமும் 20 முதல் 30 நிமிடம் வாசிப்பு, வேறு பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. எட்டு மாதத்தில் வாசிப்பிலும் கேட்டுப் புரிதலிலும் அந்தப் பிள்ளைகள் வழமையைப் போல் இரு மடங்கு முன்னேறினார்கள். இரண்டாம் ஆண்டில் இடைவெளி இன்னும் கூடியது. புத்தக வெள்ளம் என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது. பலர் கவனிக்காத செய்தி, 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலும் எல்லி இதைச் செய்தார் என்பது. சிறிய ஆரம்பப் பாடசாலைகள் சிலவற்றுக்கு ஏறக்குறைய நூறு ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் போயின, ஆசிரியர்களுக்குக் குறுகிய பயிற்சி, தினமும் கால் மணித்தியாலம் சேர்ந்து வாசிப்பு. இங்கும் புத்தகம் கிடைத்த வகுப்புகள் கிடைக்காத வகுப்புகளை வெகுதூரம் பின்தள்ளின. நல்ல சான்று கையில் இருந்தும் தோட்டப் பாடசாலைகளின் புத்தக அலுமாரி இன்றும் பூட்டியே இருப்பதற்குக் காரணம் ஆராய்ச்சிப் பற்றாக்குறை இல்லை. புத்தகம் அழுக்கானால் கணக்காய்வில் யார் பதில் சொல்வது என்ற பயம். அழுக்கான புத்தகத்தைப் பதிவேட்டிலிருந்து கழிக்க ஒரு சுற்றறிக்கை வந்தால், அது பத்துப் பயிற்சிப் பட்டறைகளுக்குச் சமம்.

  

புத்தக வெள்ளத்தின் இன்னொரு பலன் ஆசிரியருக்கானது. தினமும் முதல் கால் மணித்தியாலத்துக்குப் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியதில்லை. புதுப்புது விளையாட்டு, வண்ண அட்டை, பாட்டு என்று ஜனவரியில் ஒரு ஆசிரியர் கொட்டித் தீர்ப்பதை எல்லோரும் பாராட்டுவார்கள். பங்குனியில் அவர் கையில் அட்டை தீர்ந்துபோகும். தொழில்சார் சோர்வை 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாத வேலைத்தல அழுத்தத்தின் விளைவு என்றே சொன்னது. வேலைத்தலத்தை மாற்றாமல் ஆசிரியரைத் தியானப் பயிற்சிக்கு அனுப்பும் பழக்கத்துக்கு அதில் ஆதரவு இல்லை. வழமையாக நடக்கும் ஒரு வேலை, வாரம் ஒரு கட்டுக் கொப்பிக்கு மேல் திருத்த வேண்டாம் என்ற அனுமதி, பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு பாடக்குறிப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஆகியவற்றை ஓர் அதிபர் நினைத்தால் வலயக் கல்விப் பணிமனையைக் கேட்காமலே செய்யலாம். ஆங்கில ஆசிரியரைச் சுற்றறிக்கை மொழிபெயர்க்கவும் கடிதம் தட்டச்சு செய்யவும் அழைப்பதை நிறுத்துவதும் அந்தப் பட்டியலில் சேரும்.

கூத்து மாதத்தைப் பகையாக நினைப்பதிலும் பொருளில்லை. காமனும் ரதியும் ஊரெல்லாம் வலம் வரும் நாட்களில் பிள்ளைகளின் தலைக்குள் நீண்ட பாடல்கள் இருக்கின்றன. கதையை முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வருகிறது. தப்பின் தாளத்துக்கு உடம்பு அசைகிறது. மனனம் செய்ய முடியாத பிள்ளைகள் என்று மாணவர் அறிக்கையில் எழுதப்பட்டவர்கள்தான் இவர்களும். அந்த வாரம் பாடநூலை மூடிவிட்டு, நேற்றிரவு நடந்ததைச் சிங்களத்தில் நாலு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் யாருக்கும் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகாது. பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளோடு கடிதம் மாற்றிக்கொள்ள இதைவிட நல்ல செய்தி கிடைக்காது. அவர்களுக்கும் தமிழ் இரண்டாம் தேசிய மொழிப் பாடமாக இருக்கிறது, அவர்களுடைய ஆசிரியரும் கார்த்திகையில் களைக்கிறார்.

சித்திரை விடுமுறைக்குப் பிந்திய முதல் இரண்டு வாரத்தைப் பழையதைத் திரும்பச் செய்வதற்கென்றே ஒதுக்க வேண்டும். பாடத்திட்டம் பிந்துகிறது என்று பதறுகிறவர்கள், மறந்துபோனதன் மேல் கட்டிய பாடத்தின் விலையையும் சேர்த்துப் பார்க்கட்டும். போட்டிக் காலத்தில் ஐவருக்கு எழுதிக்கொடுத்த பேச்சை முப்பத்தைந்து பேரும் இருவர் இருவராகச் சொல்லிப் பார்க்க ஒரு பாடவேளை போதும். மூன்றாம் தவணையில் மற்றப் பாட ஆசிரியர் பாடவேளையைக் கேட்டு வரும்போது முழுவதையும் விட்டுக்கொடுக்காமல் முதல் கால் மணித்தியாலத்தை மட்டும் வைத்துக்கொள்வதாக ஆசிரியர் கூட்டத்தில் ஜனவரியிலேயே எழுதிவைக்கலாம். புத்தகங்கள் நூலக அறையில் இருக்கக் கூடாது, மழை நாளில் அந்த அறையின் சாவி எங்கே என்று தேடவே கால் மணித்தியாலம் ஆகும். ஈரம் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை 4ஆம் தரத்து வகுப்பிலேயே வைத்து, பொறுப்பை இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்தால், டிசம்பரில் எத்தனை புத்தகம் கிழிந்தது என்று அவர்களே சொல்வார்கள். ஒன்றும் கிழியாமல் இருந்தால்தான் விசாரிக்க வேண்டும்.